மூன்று மருந்துகளுக்கும் அசையாத மனச்சோர்வு: கெட்டமினுக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது. நான்கு ஆண்டுகளாக மனச்சோர்வு. மூன்று மருந்துகள் மாற்றியும் எழுந்து வேலைக்குப் போகும் நிலை வரவில்லை. இப்போது பார்க்கும் மனநல மருத்துவர் கெட்டமின் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். அது குதிரைக்குப் போடும் மயக்க மருந்து, போதைப்பொருள், ஹாலிவுட் நடிகர் ஒருவர் அதனால்தான் இறந்தார் என்று அப்பா பயப்படுகிறார். அண்ணியோ ஒரே நாளில் குணமாகும் என்று படித்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் அண்ணனைப் போன்ற ஒருவருக்கு ஒரு மருத்துவர் கெட்டமினை யோசிப்பது நியாயமானதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவனாக எனக்குள்ள கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மருந்துக்கு முன்னால் என்னவெல்லாம் செய்யப்பட்டது, மருந்து கொடுத்த பிறகு வரும் வாரங்களுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் உங்களிடம் தெளிவான பதில் இருந்தால் பயப்படாமல் முடிவெடுக்கலாம்.

அப்பாவின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். கெட்டமின் 1962இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மருந்து. 1970இல் அந்நாட்டில் மனிதர்களுக்கான மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் போர்க்களத்திலேயே கொடுத்தார்கள். மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் மற்ற மயக்க மருந்துகளைப் போல அது சட்டென்று கீழே இழுத்துவிடாது. அதனால்தான் பெரிய கருவிகள் இல்லாத சிறிய மருத்துவமனைகளில் அவசர அறுவை சிகிச்சைக்கும், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றவும், எலும்பு முறிந்த குழந்தைக்கு எலும்பைச் சேர்த்துக் கட்டவும் இன்றுவரை அதை நம்பியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் குதிரைக்கும் பூனைக்கும் பயன்படுத்துவது உண்மைதான். பென்சிலினையும்தான் மாட்டுக்குப் போடுகிறார்கள்.

போதைப்பொருள் என்று அவர் சொல்வதை மட்டும் லேசாகத் தள்ள முடியாது. கெட்டமினைப் போதைக்காக உட்கொள்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நாள்தோறும் பெருமளவில் எடுத்துக்கொண்ட இளைஞர்களின் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாகி, கால் மணி நேரம்கூடச் சிறுநீரை அடக்க முடியாமல் போன நிலையை 2007 வாக்கில் கனடாவிலும் ஹாங்காங்கிலும் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இந்தியாவில் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். ஆனால் அந்தப் பாதிப்புகள் மாதக்கணக்காக, கிராம் கணக்கில் எடுத்தவர்களுக்கு வந்தவை. மனச்சோர்வுக்குக் கொடுப்பது கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராம். உங்கள் அண்ணன் 60 கிலோ என்றால் 30 மில்லிகிராம். அதுவும் 40 நிமிடங்களில் சொட்டுச் சொட்டாக, வாரத்துக்கு இரண்டு முறை போல. முழு மயக்கத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ ஒரே நிமிடத்தில் ஏற்றுவார்கள்.

அந்த நடிகர் மேத்யூ பெர்ரி. 2023 அக்டோபரில் இறந்தார். அவர் மருத்துவமனையில் மனச்சோர்வுக்காகக் கெட்டமின் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் கடைசியாக மருத்துவமனையில் ஏற்றிக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கெட்டமின் சில மணி நேரங்களிலேயே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. அவர் உடலில் இருந்ததோ அறுவை சிகிச்சை மயக்கத்துக்கு ஈடான அளவு. ஆகவே அது அந்தச் சிகிச்சையிலிருந்து வந்திருக்க முடியாது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொன்னது. அவருக்குச் சட்டவிரோதமாக மருந்து கிடைக்கச் செய்ததாக 2024இல் ஐந்து பேர் மீது வழக்குப் பதிவானது. அவர்களில் இருவர் மருத்துவர்கள். வீட்டில், கண்காணிப்பில்லாமல், வெந்நீர்த் தொட்டியில் நடந்த மரணம் அது. இதிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: கெட்டமினை யாரும் வீட்டில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊசியாகவும் வேண்டாம், நாக்கடியில் வைக்கும் மாத்திரையாகவும் வேண்டாம். யாராவது அப்படிக் கொடுத்தனுப்பினால் அந்த வாசலைத் திரும்ப மிதிக்காதீர்கள்.

இனி அண்ணியின் நம்பிக்கை. அதற்கும் அடித்தளம் உண்டு. 2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில், பத்துப் பேர்கூட இல்லாத ஒரு சிறு குழுவிடம் நடந்த சோதனைதான் தொடக்கம். வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய நான்கு, ஆறு வாரங்கள் எடுக்கும்போது, இது சில மணி நேரத்தில் சோர்வைக் குறைத்தது. 2006இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டே குழுவினர், பல மருந்துகளுக்கும் இணங்காத நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். கெட்டமின் பெற்ற 17 பேரில் 71 சதவீதத்தினருக்கு மறுநாளே நோயின் தீவிரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. மனநல மருத்துவத்தில் அதற்கு முன் மாத்திரை மருந்து எதுவும் இந்த வேகத்தைக் காட்டியதில்லை. நானும் என் நோயாளிகளில் சிலர் இரண்டாம் முறை மருந்து ஏற்றிய பிறகு தாமாகவே எழுந்து குளித்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்காக யார் சொல்லியும் குளிக்காத மனிதர் அப்படி வந்து நிற்கும்போது குடும்பத்தார் அழுதுவிடுவார்கள்.

அதே ஆய்வின் அடுத்த வரியை அண்ணிக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு வாரம் முடிந்தபோது அந்தப் பலன் நீடித்தது 35 சதவீதத்தினருக்கு மட்டும். ஒருமுறை ஏற்றினால் சில நாள், அதிகம் போனால் இரண்டு வாரம். அதனால்தான் இப்போது இரண்டு மூன்று வாரங்களில் ஆறு முறை வரை கொடுத்து, பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டு போகிறார்கள். எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில், ஒப்பீட்டுக்காக மிடசோலம் என்ற இன்னொரு மயக்கம் தரும் மருந்தைக் கொடுத்தவர்களில் 28 சதவீதத்தினர் மறுநாள் தேறியிருந்தார்கள். கெட்டமின் பெற்றவர்களில் 64 சதவீதம். வித்தியாசம் பெரியது. ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அது கைகொடுக்கவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வழக்கமான மருந்துகள் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் வழியாகப் போகின்றன. கெட்டமின் மூளையில் மிக அதிகமாகப் பரவியிருக்கும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் ஒரு வகை ஏற்பியை, அதாவது நரம்புச் செல்லில் அது வந்து ஒட்டும் இடத்தை, தடுக்கிறது. அந்தத் தடையின் எதிர்விளைவாகக் குளூட்டமேட் சிறிது நேரம் பெருகி, நரம்புச் செல்கள் தமக்குள் புதிய இணைப்புகளை முளைக்கவிடுகின்றன. நீண்ட மன அழுத்தத்தில் முன்மூளையில் இந்த இணைப்புகள் தேய்ந்துபோவது விலங்குகளிடம் தெளிவாகக் காணப்பட்டது. 2019இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கெட்டமின் கொடுத்ததும் எலியின் நடத்தை முதலில் மாறியது. புதிய இணைப்புகள் அதற்குப் பிறகுதான் முளைத்தன. அந்தப் புதிய இணைப்புகளை ஆய்வாளர்கள் அழித்தபோது மாற்றம் நிலைக்கவில்லை. வேகமாக வரும் தெளிவு ஒன்று, அதைத் தக்கவைப்பது வேறொன்று என்று நான் நோயாளிகளிடம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சந்தேகத்தையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. கெட்டமின் ஏறும்போது தலை மிதப்பது போல இருக்கும் என்பதால், தனக்குக் கிடைத்தது மருந்தா வெறும் உப்பு நீரா என்பதை நோயாளி கண்டுபிடித்துவிடுகிறார். நம்பிக்கையும் சேர்ந்து வேலை செய்துவிடுகிறது. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இதைத் தவிர்க்க ஒரு வழி கண்டார்கள். வேறு அறுவை சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருந்த 40 மனச்சோர்வு நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கெட்டமினும் மீதிப் பேருக்கு உப்பு நீரும் கொடுத்தார்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. கெட்டமின் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். முழு மயக்கமே மருந்தின் வேலையை மாற்றியிருக்கலாம். ஆனால் மருந்து கொடுக்கும் அறையின் அமைதி, உடனிருப்பவரின் பரிவு, நோயாளியின் எதிர்பார்ப்பு எல்லாம் பலனில் பங்கு வகிக்கின்றன என்பதை நான் ஏற்கிறேன்.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். மூன்று மருந்துகள் மாற்றினோம் என்கிறீர்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு அளவில், எத்தனை வாரம் எடுத்தார்? பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். சிகிச்சைக்கு இணங்காத மனச்சோர்வு என்று நாங்கள் சொல்வது, குறைந்தது இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காக எடுத்தும் தேறாத நிலையை. என்னிடம் அந்தப் பெயரோடு அனுப்பப்படுபவர்களில் பலர், வாய் வறள்கிறது என்று பத்தாம் நாளிலேயே நிறுத்தியவர்கள். அல்லது தொடக்க அளவிலேயே ஆறு மாதம் ஓட்டியவர்கள். அல்லது கொஞ்சம் தேறியதும், மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய் என்று உறவினர் சொன்னதைக் கேட்டு விட்டவர்கள். இவர்களுக்குத் தேவை புதிய மருந்து இல்லை. பழைய மருந்தையே ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தால் போதும்.

அடுத்து, சோர்வுக்கு வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா? தைராய்டு பார்த்தார்களா? இரத்தசோகை, பி12 குறைபாடு? இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் தடைப்படுகிறதா? மது உண்டா? இதை அண்ணியிடம் தனியாகக் கேளுங்கள். நம் வீடுகளில் மருத்துவரிடம் கடைசியாகச் சொல்லப்படும் விஷயம் அதுதான். எப்போதாவது சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் திட்டங்களும் கட்டுக்கடங்காமல் போன காலம் அவர் வாழ்க்கையில் இருந்ததா? இருந்தால் அது இருதுருவ மனநோயாக இருக்கலாம். சிகிச்சையின் பாதையே மாறும். இன்னொன்று: க்ளோனாசிபாம், அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்காக இரவில் போட்டுக்கொண்டிருக்கிறாரா? இவை கெட்டமினின் பலனைக் குறைக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. தாமாக நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தும் தேறவில்லை என்றால், அடுத்தடுத்து மாத்திரைகளை மாற்றிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரிடம் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் மருந்தில் மூன்றில் ஒருவர் முழுமையாகத் தேறினார்கள். மூன்றாம், நான்காம் முயற்சிகளில் அது 13 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. கெட்டமினுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

மின்சிகிச்சைக்கும் இடம் அங்கேயே உண்டு. ‘கரண்ட் வைப்பது’ என்றதும் குடும்பங்கள் நடுங்குகின்றன. பழைய திரைப்படக் காட்சிகள் செய்த கேடு அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. கெட்டமினையும் மின்சிகிச்சையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இரு விதமாகப் பேசுகின்றன. 2023இல் அமெரிக்காவில் மனமருட்சி (இல்லாத குரல்கள் கேட்பது, இல்லாததை நம்புவது) இல்லாத, பெரும்பாலும் வெளிநோயாளிகளாக வந்தவர்களிடம் கெட்டமின் 55 சதவீதத்தினருக்கும் மின்சிகிச்சை 41 சதவீதத்தினருக்கும் பலனளித்தது. நினைவாற்றல் பாதிப்பும் கெட்டமினில் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்வீடனில், மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்களிடமோ மின்சிகிச்சைதான் முந்தியது: முழுமையாகத் தேறியவர்கள் 63 சதவீதம், கெட்டமினில் 46. என் நிலைப்பாடு இதுதான். சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் கிடப்பவர், இல்லாத குரல்கள் கேட்பவர், தான் பெரும்பாவி என்று உறுதியாக நம்புபவர், வயதானவர் ஆகியோருக்கு மின்சிகிச்சையையே முதலில் சொல்வேன். உங்கள் அண்ணன் நீங்கள் விவரிக்கும் அளவில் இருந்தால், கெட்டமினை முதலில் முயல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஏற்றும் நாளில் என்ன நடக்கும்? சில மணி நேரம் வெறும் வயிறு. இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உடல் லேசாகி, சத்தங்கள் தூரத்தில் கேட்பது போல, தன்னை விட்டுத் தானே விலகி நிற்பது போலத் தோன்றும். சிலருக்கு அது இதமாக இருக்கும், சிலர் பயந்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருந்தால் பயம் பெரிதாகாது. குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். இரத்த அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும். அதனால்தான் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு, மூளை இரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. மனச்சிதைவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், போதைப் பழக்கத்தின் பிடியில் இருப்பவர்களுக்கும் தவிர்க்கிறோம். ஏற்றி முடித்த பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். மறுநாள் காலை வரை பைக்கைத் தொடக் கூடாது. அவசரநிலையைச் சமாளிக்க ஆக்சிஜனும் மயக்கவியல் பயிற்சி உள்ள ஒருவரும் அங்கே இருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே பற்றியும் படித்திருப்பீர்கள். அது எஸ்கெட்டமின், கெட்டமினில் கலந்திருக்கும் கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு வடிவங்களில் ஒன்று. அமெரிக்கா 2019 மார்ச்சில் மனச்சோர்வுக்கென்றே அனுமதித்தது. அதையும் அங்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை, மருத்துவ நிலையத்தில்தான் போட வேண்டும். உங்கள் மருத்துவர் சொல்லும் சாதாரணக் கெட்டமின் ஊசி, மயக்க மருந்து என்ற வகையில் அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்குக் கொடுப்பது மருத்துவரின் பொறுப்பில் நடக்கும் பயன்பாடு. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் அதற்குப் பெருஞ்செலவில் ஆய்வு நடத்த எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஓர் ஆய்வு அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. தோலுக்கடியில் வாரம் இரு முறை, நான்கு வாரம், தேவைக்கேற்ப அளவைக் கூட்டிக் கொடுத்தபோது, கெட்டமின் பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுமையாகத் தேறினார்கள். மிடசோலம் பெற்றவர்களில் ஐம்பதில் ஒருவர். ஐந்தில் ஒருவர் என்பது குறைவாகத் தோன்றலாம். எல்லா மாத்திரைகளும் கைவிட்டவர்களிடம் அது சிறிய எண் இல்லை.

என் இரண்டாவது கேள்வி: ஆறு முறை ஏற்றி முடித்த மறுவாரம் என்ன? இதற்குப் பதில் இல்லாமல் பணத்தை மட்டும் மொத்தமாகக் கேட்கும் இடங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. குப்பியின் விலை மலிவு. செலவு முழுவதும் கண்காணிப்புக்கும் ஆட்களுக்கும்தான். அந்தக் கண்காணிப்பு உண்மையிலேயே கிடைக்கிறதா என்று பாருங்கள். தேறியவர்களை வைத்து எஸ்கெட்டமினை நிறுத்திப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், நிறுத்தியவர்களில் 45 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 27 சதவீதம். பலன் தானாக நிலைக்காது என்பதால், ஊசியோடு வழக்கமான மனச்சோர்வு மாத்திரையையும் விடக் கூடாது. தொடர் தவணைகள் தேவையா, எத்தனை காலம், எதைப் பார்த்து நிறுத்துவோம் என்பதெல்லாம் முதல் ஊசிக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று நான்கு தவணைக்குப் பிறகும் அசைவே இல்லையென்றால் நிறுத்திவிட்டு அடுத்த வழியை யோசிக்க வேண்டும். பழக்கமாகிறது என்று காட்டும் அறிகுறிகளான, அடுத்த ஊசியின் தேதியை முன்கூட்டியே கேட்பது, அளவைக் கூட்டச் சொல்வது ஆகியவற்றையும், சிறுநீர் அடிக்கடி போவதையும் வீட்டார் கவனித்துச் சொல்ல வேண்டும்.

மனம் தெளியும் அந்தச் சில நாட்களை வீணாக்காதீர்கள். உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து பேச முடியாமல் இருந்தவர் இப்போது பேசுவார். அந்தச் சந்திப்பை அதே வாரத்தில் வையுங்கள். காலையில் ஒரே நேரத்தில் எழுவது, அண்ணியோடு கடைத்தெரு வரை நடப்பது, விட்டுப்போன ஒரு நண்பருக்குப் போன் செய்வது என்று சிறிதாகத் தொடங்கட்டும். உடனே அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். முதல் வாரத்துத் தெளிவை நம்பி வேலைக்கு ஓடி, இரண்டாம் வாரத்தில் சோர்வு திரும்பும்போது, இதுவும் பொய்த்தது என்று நொறுங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணிக்கு இதை இப்போதே சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு. ஏற்ற இறக்கம் வரும். அது தோல்வியின் அடையாளம் இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அண்ணன் சாவைப் பற்றிப் பேசுகிறாரா? கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், நேராகக் கேளுங்கள். கெட்டமின் தற்கொலை எண்ணத்தைச் சில மணி நேரத்தில் தணிக்கக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் உயிரிழப்பைத் தடுக்கிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆம் என்று அவர் சொன்னால் கெட்டமினுக்குக் கொடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். நள்ளிரவாக இருந்தாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.